ரத்தான சான்றிதழை நிரல் வழியே கண்டறிதல்: எந்தச் செயற்கூறைத் தேர்வது?

திருப்பூர், கரூர், ஈரோடு வட்டாரங்களில் ஜாப் ஒர்க் பில்களும் கொள்முதல் ஆணைகளும் டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்புகளாக வருவது பல அலுவலகங்களில் பழகிப்போய்விட்டது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங் என்று பனியன் துணி கை மாறிக் கை மாறி ஏற்றுமதியாளரிடம் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு பில் கிளம்பிவிடுகிறது. அவற்றைப் பெற்று, சரிபார்த்து, பணம் விடுவிக்கும் மென்பொருளைக் கோவையிலோ திருப்பூரிலோ உள்ள ஒரு சிறு நிறுவனம் எழுதித் தந்திருக்கும். கோப்பு இடையில் திருத்தப்படவில்லை, கையொப்பம் கணக்குப்படி பொருந்துகிறது என்பதை அந்த மென்பொருள்கள் ஒழுங்காகவே பார்த்துவிடுகின்றன. கையொப்பத்துக்குப் பின்னால் நின்று, கையொப்பமிட்டவர் இன்னார் என உறுதிசொல்லும் சான்றிதழ் அதற்குள் ரத்தாகிவிட்டதா என்று இணையத்தில் கேட்டறியும் வேலையை எந்தச் செயற்கூறிடம் (நிரல் மொழியோ நூலகமோ ஆயத்தமாகத் தரும் ஃபங்ஷனிடம்) ஒப்படைப்பது என்பதில்தான் குழப்பம். இக்கட்டுரை அந்தத் தேர்வைப் பற்றியது.

ரத்து என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் ஏற்பாடன்று. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 38ஆம் பிரிவில், சான்றிதழ்தாரர் கேட்டுக்கொண்டாலும், அவர் இறந்தாலும், கூட்டு நிறுவனம் கலைக்கப்பட்டாலும் சான்றிதழை ரத்து செய்ய வழி வகுத்திருக்கிறது. 37ஆம் பிரிவு தற்காலிக நிறுத்தத்தைப் பேசுகிறது. கையொப்பமிடப் பயன்படும் ரகசியத் தனிச்சாவி பிறர் கைக்குப் போய்விட்டால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவு சான்றிதழ்தாரரையே பொறுப்பாக்குகிறது. கொங்குப் பகுதியில் இம்மூன்றும் அன்றாடம் நிகழக்கூடியவை. அண்ணன் தம்பிகளும் மைத்துனர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனங்கள் இங்கே ஏராளம். அவை பிரிவதும் உண்டு. அந்தச் சாவியைத் தாங்கிய டோக்கன் என்னும் யுஎஸ்பி கருவி முதலாளியின் பெயரில் இருக்கும், ஆனால் அது செருகியிருப்பது கணக்காளரின் கணினியிலோ ஆடிட்டர் அலுவலக மேசையிலோ இருக்கும். அந்தக் கணக்காளர் வேலையை விட்டு நின்ற மறுநாள் முதலாளி சான்றிதழை ரத்து செய்யச் சொன்னால், அச்செய்தி நம் மென்பொருளுக்கு எட்ட வேண்டும்.

எட்டுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. சான்றளிக்கும் நிறுவனம் ரத்தான வரிசை எண்களையெல்லாம் ஒரே பட்டியலாகக் கையொப்பமிட்டு வெளியிடுவது சிஆர்எல். ஒரு குறிப்பிட்ட சான்றிதழைச் சொல்லி, அதன் நிலையை மட்டும் சேவையகத்திடம் கேட்பது ஓசிஎஸ்பி; 1999இல் ஆர்எஃப்சி 2560 என்னும் இணையத் தர ஆவணமாக வந்து, 2013இல் ஆர்எஃப்சி 6960 எனத் திருத்தப்பட்ட நெறிமுறை அது. ஓசிஎஸ்பி நேரலையில் கேட்பதால் அதன் பதில் அந்த நொடியின் உண்மை என்று பலர் எண்ணுகிறார்கள். பல சேவையகங்கள் பதில்களை முன்கூட்டியே கையொப்பமிட்டு வைத்துக்கொண்டு, காலாவதியாகும் வரை அவற்றையே திருப்பித் தருகின்றன. இணையதளச் சான்றிதழ்களுக்கான பொது விதிகளோ ஒரு பதில் 10 நாள் வரை செல்லுபடியாவதையே அனுமதிக்கின்றன. ஆகவே புதுமையில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

என் கணிப்பில், செயற்கூறுகளை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் வேகத்தையோ மொழியையோ அன்று. சேவையகத்திடமிருந்து பதில் வராதபோது அது நிரலிடம் என்ன சொல்கிறது என்பதே முதல் கேள்வி. ‘நல்லது’, ‘ரத்து’, ‘தெரியவில்லை’ என்ற மூன்றையும் கலக்காமல் தரும் செயற்கூறு எந்த மொழியில் இருந்தாலும் தேறும். மூன்றாவதை முதலாவதோடு சேர்த்துவிடும் செயற்கூறு எவ்வளவு எளிமையாக இருந்தாலும் பணம் விடுவிக்கும் இடத்துக்கு ஆகாது. 2009இலேயே கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் இதைச் செய்து காட்டிவிட்டார்: ஓசிஎஸ்பியின் பிழைப் பதில்களுக்குக் கையொப்பம் கிடையாது என்பதால், ‘பிறகு முயல்க’ என்னும் பதிலை இடையில் இருப்பவர் எவரும் உருவாக்கி அனுப்பலாம், அதைப் பெற்ற நிரல் ‘சரி, விட்டுவிடுவோம்’ என்று மேலே போய்விட்டால் சரிபார்ப்பு இருந்தும் இல்லாததுதான்.

இந்த அளவுகோலுடன் முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகத்தின் சி மொழிச் செயற்கூறுகளைப் பார்க்கலாம். இவை எதையும் மறைப்பதில்லை. அதே காரணத்தால் எதையும் நமக்காகச் செய்துதருவதுமில்லை. ஓசிஎஸ்பி_செர்ட்_டு_ஐடி என்பது சான்றிதழின் வரிசை எண்ணோடு, வழங்குநரின் பெயர், பொதுச்சாவி ஆகியவற்றின் ஹாஷ்களை (கணக்கிட்டு எடுத்த சுருக்கக் குறியீடுகளை) சேர்த்து ஓர் அடையாளத்தை உருவாக்குகிறது. எனவே வழங்குநரின் சான்றிதழ் கையில் இல்லாமல் கேள்வியைக்கூட எழுத முடியாது; கையொப்பமிட்டவரின் சான்றிதழிலிருந்து, அதற்கு உறுதிசொல்லும் சான்றிதழ்கள் வழியே மூலச் சான்றிதழ் வரை செல்லும் முழுச் சங்கிலியும் பிடிஎஃப் கோப்புக்குள் வைக்கப்படாதபோது முதல் தடங்கல் இங்கேதான் வருகிறது. கேள்வியை எச்டிடிபி வழியே அனுப்பிப் பதில் வந்த பிறகு நான்கு தனித்தனிச் சோதனைகள் வேண்டும். ஓசிஎஸ்பி_ரெஸ்பான்ஸ்_ஸ்டேட்டஸ் பதில் பிழைப் பதிலா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஓசிஎஸ்பி_பேசிக்_வெரிஃபை பதிலின் கையொப்பத்தையும், கையொப்பமிட்டவருக்கு அந்த உரிமை உண்டா என்பதையும் பார்க்கும். ஓசிஎஸ்பி_ரெஸ்ப்_ஃபைண்ட்_ஸ்டேட்டஸ் நாம் கேட்ட அடையாளத்துக்கான நிலையை எடுத்துத் தரும். ஓசிஎஸ்பி_செக்_வேலிடிட்டி பதிலின் காலம் பொருந்துகிறதா என்று பார்க்கும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் நிரல் தொகுக்கப்படும், ஓடும், ‘நல்லது’ என்றும் சொல்லும்.

இரண்டாவது செயற்கூறில் ஒரு பொறி இருக்கிறது. ஓசிஎஸ்பி_பேசிக்_வெரிஃபை வெற்றிக்கு 1, சரிபார்ப்புத் தோல்விக்கு 0, நினைவகம் போதாமை போன்ற கடும் பிழைக்கு -1 எனத் திருப்பும். சி மொழியில் சுழியல்லாத எதுவும் ‘உண்மை’ என்பதால், திரும்பிய மதிப்பை 1 என்று ஒப்பிடாமல் நேரடியாக ‘இஃப்’ கட்டளைக்குள் வைத்தவரின் நிரல் கடும் பிழையையும் வெற்றியாக எடுத்துக்கொள்ளும். நூலகத்திலேயே பிழை நேர்ந்ததும் உண்டு: ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.0 முதல் 3.0.2 வரையிலான பதிப்புகளில் ஓசிஎஸ்பி_நோசெக்ஸ் என்னும் கொடியை (செயற்கூறின் போக்கை மாற்றும் தெரிவை) சேர்த்து அழைத்தால், கையொப்பமிட்டவரின் சான்றிதழ் தேறாதபோதும் இச்செயற்கூறு வெற்றி என்றே சொன்னது. மென்பொருள் குறைகளுக்கான பொதுப் பதிவேட்டில் சிவிஇ-2022-1343 என்று பதிவான அக்குறை 3.0.3இல் சரிசெய்யப்பட்டது.

நான்காவது செயற்கூறு நம் ஊர் நிலைமைகளோடு நேரடியாக மோதுகிறது. பதிலில் ‘இப்போதைய வெளியீடு’, ‘அடுத்த வெளியீடு’ என்று இரண்டு நேரங்கள் இருக்கும். இரண்டும் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுத்து உள்ளூர் நேரத்தோடு கையால் ஒப்பிட்டவரின் கணக்கு ஐந்தரை மணி நேரம் பிசகும். ஓசிஎஸ்பி_செக்_வேலிடிட்டியிடம் விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கணினியின் கடிகாரம் சரியாக இருந்தாக வேண்டும். பல்லடம் சாலையில் ஒரு நிட்டிங் யூனிட்டின் கணக்கறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையிலிருந்து மாலை வரை நீள்கிறது, மதர்போர்டிலுள்ள சிறு பேட்டரி எப்போதோ தீர்ந்துபோன பழைய கணினி, மின்சாரம் வந்து எழுந்ததும் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறது. அன்று வரும் ஒவ்வொரு பதிலையும் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று இச்செயற்கூறு தள்ளிவிடும். அது செய்வது சரியே. சலிப்படைந்து அந்தச் சோதனையையே நீக்கிவிடும் நிரலாளர்தான் தவறு செய்கிறார். சில நிமிட வேறுபாட்டுக்கு இடம் கொடுக்க அச்செயற்கூறிலேயே ஓர் அளவுரு உண்டு; ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை அதை 5 நிமிடமாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் தளர்த்துவதைவிட, சரிபார்ப்பை நம்பகமான கடிகாரமுள்ள ஒரே சேவையகத்தில் நடத்துவது மேல்.

பிஎச்பியில் எழுதுவோர் இப்பகுதியில் மிகுதி. அம்மொழியின் அடிப்படைத் தொகுப்பில் ஓசிஎஸ்பி செயற்கூறே இல்லாததால், ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையை வெளியிலிருந்து இயக்கி, அது அச்சிடும் வரிகளில் ‘குட்’ என்ற சொல்லைத் தேடும் வழக்கம் பரவியிருக்கிறது. இது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சான்றிதழின் நிலையை அக்கட்டளை வழக்கமான வெளியீட்டில் அச்சிடுகிறது. பதிலின் கையொப்பம் தேறியதா என்பதைப் பிழைகளுக்கான வெளியீட்டில் அச்சிடுகிறது. முதலாவதை மட்டும் படிக்கும் நிரலுக்கு, கையொப்பம் தேறாத போலிப் பதிலிலும் ‘குட்’ என்ற சொல் கிடைக்கும். கட்டளை முடியும்போது தரும் எண்ணையும் நம்புவதற்கில்லை. சான்றிதழ் ரத்து என்ற பதிலும் அதைப் பொறுத்தவரை வெற்றிகரமாகக் கிடைத்த பதில்தான்.

ஜாவாவின் பிகேஐஎக்ஸ்ரெவொகேஷன்செக்கர், இந்த வேலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. ஜாவா 8உடன் வந்த இது, முதலில் ஓசிஎஸ்பியைக் கேட்கும். பதில் கிடைக்காவிட்டால் சிஆர்எல்லைத் தேடிப் போகும். வரிசையை மாற்ற வேண்டுமானால் ‘ப்ரிஃபர் சிஆர்எல்ஸ்’, இரண்டாவது வழிக்குப் போகவே வேண்டாமென்றால் ‘நோ ஃபால்பேக்’, சங்கிலியின் கடைசிச் சான்றிதழை, அதாவது கையொப்பமிட்டவருடையதை, மட்டும் பார்த்தால் போதுமென்றால் ‘ஒன்லி எண்ட் என்டிட்டி’, பதில் கிடைக்காததைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமானால் ‘சாஃப்ட் ஃபெயில்’ என்று நான்கே தெரிவுகள். எதையும் தெரிவு செய்யாமல் விட்டால், நிலை தெரியாத சான்றிதழை அது ஏற்காது. ஏற்காத காரணத்தையும் பிரித்துச் சொல்கிறது: ரத்தானதற்கு ஒரு காரணக் குறியீடு, நிலையைத் தீர்மானிக்க முடியாததற்கு வேறொன்று. ரத்தான தேதியையும் காரணத்தையும்கூட எடுத்துக்கொள்ளலாம். ‘சாஃப்ட் ஃபெயில்’ வைத்தாலும், பொறுத்துக்கொண்ட பிழைகளைப் பட்டியலாகக் கேட்டு வாங்க முடியும் என்பது இதன் நேர்மை. குறை என்றால் காத்திருப்பு நேரம்: ஓசிஎஸ்பி இணைப்புக்கு இயல்பாக 15 விநாடி காத்திருக்கும். வரிசையாக நூறு பில்கள் நிற்கும்போது சேவையகம் மௌனமாக இருந்தால் கணக்குப் பிரிவு கொதித்துப்போகும். அதைக் குறைக்க ஓர் அமைப்பு இருக்கிறது; குறைத்துவிட வேண்டும்.

டாட்நெட்டின் எக்ஸ்509செயின் இரண்டாமிடத்துக்கு உரியது. ரத்து பற்றிய முறைமைக்கு ‘நோசெக்’, ‘ஆஃப்லைன்’, ‘ஆன்லைன்’ என்ற மூன்று மதிப்புகள் உண்டு. சங்கிலியைக் கட்டும்போது இயல்பு மதிப்பு ‘ஆன்லைன்’. ‘ரத்து’, ‘நிலை தெரியவில்லை’, ‘இணைப்பில்லை’ ஆகியவை தனித்தனிக் கொடிகளாகத் திரும்புகின்றன. விண்டோஸில் இது இயங்குதளத்தின் கிரிப்டோ சேவையையே நம்பி நிற்கிறது. அச்சேவை முன்பு பெற்ற பதில்களைக் காலாவதியாகும் வரை சேமித்து வைத்துப் பயன்படுத்துவதால், இன்று காலை ரத்தான சான்றிதழ் மாலையிலும் நல்லதாகவே தெரியலாம். சோதனையின்போது ‘செர்ட்யூட்டில்’ கட்டளையால் அச்சேமிப்பைக் காலி செய்துவிட்டுப் பார்க்காதவர்கள், நிரலில் இல்லாத பிழையைத் தேடி அலைவார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. ஜாவாவானாலும் டாட்நெட்டானாலும், வேகத்துக்காகக் கடைசிச் சான்றிதழை மட்டும் சரிபார்க்கும் தெரிவைச் சிலர் வைத்துவிடுகிறார்கள். 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் கீழிருந்த சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டபோது, சான்றளிப்போரைக் கட்டுப்படுத்தும் இந்திய அதிகாரி அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களையே ரத்து செய்தார். கடைசிச் சான்றிதழை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அப்படியொரு நிகழ்வு நடந்ததே தெரியாது. மூலச் சான்றிதழைத் தவிர மற்ற அனைத்தையும் பார்ப்பதே முறை; டாட்நெட்டில் இயல்பு மதிப்பும் அதுவே.

கோ மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் அடிப்படை எக்ஸ்509 தொகுப்பிலுள்ள ‘வெரிஃபை’ ரத்து நிலையைப் பார்ப்பதில்லை என்று ஆவணமே சொல்லிவிடுகிறது. தனியாக உள்ள ஓசிஎஸ்பி தொகுப்பு கேள்வியை எழுதவும் பதிலைப் பிரிக்கவும் உதவும், அனுப்பும் வேலையும் காலச் சோதனையும் நம்முடையவை. பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகமும் கேள்வியைக் கட்டித் தரும், பதிலைப் பிரித்துத் தரும்; பதிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடும். தேர்ந்த கை இல்லாத குழு இவ்விரண்டில் இறங்க வேண்டாம்.

இப்போது, இணையத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு மாற்றாக, சிஆர்எல் பட்டியலைத் தருவித்து உள்ளூரிலேயே பார்க்கும் வழி. பழையது என்று இதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு இதன் மேல் மதிப்பு கூடியிருக்கிறது. பட்டியலிலேயே கையொப்பம் இருப்பதால் அதை எந்த வழியில் பெற்றாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். எந்த வாடிக்கையாளரின் சான்றிதழை எப்போது பார்க்கிறோம் என்பது வெளியில் எவருக்கும் தெரியாது. ஓசிஎஸ்பியில் அது சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தெரியும், வெறும் எச்டிடிபியில் போனால் வழியில் இருப்பவருக்கும் தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இதன் விடைகள் தெளிவானவை: பட்டியல் கிடைக்கவில்லை என்பதற்கு 3, பட்டியல் காலாவதி என்பதற்கு 12, சான்றிதழ் ரத்து என்பதற்கு 23. ஒரு கவனம் மட்டும் தேவை. முழுச் சங்கிலிக்கும் பட்டியல் பார்க்கச் சொல்லும் ‘சிஆர்எல்_செக்_ஆல்’ கொடியைத் தனியாக வைத்தால் அது பொருட்படுத்தப்படாது; ‘சிஆர்எல்_செக்’ கொடியையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

திருப்பூரில் தொழிலாளர் சம்பளம் பெரும்பாலும் சனிக்கிழமை பட்டுவாடா ஆகிறது. ஜாப் ஒர்க் கொடுத்தவரின் பணம் வந்தால்தான் யூனிட்காரர் தம் ஆட்களுக்குக் கொடுக்க முடியும். சனிக்கிழமை பிற்பகல் ஓசிஎஸ்பி சேவையகம் பதில் தரவில்லை என்று மென்பொருள் நூறு பில்களை நிறுத்தி வைத்தால், திங்கட்கிழமைக்குள் எவராவது அச்சோதனையை நிரந்தரமாக அணைத்துவிடுவார்கள். கண்டிப்பான சரிபார்ப்பு நிலைக்க வேண்டுமானால், அது பணம் விடுவிக்கும் நொடியில் முதன்முறையாக நடக்கக் கூடாது. ஆகவே நான் முன்வைக்கும் ஏற்பாடு இது: தொடர்புள்ள சான்றளிப்பு நிறுவனங்களின் சிஆர்எல் பட்டியல்களை இரவில் ஒரு தனிப்பணி தருவித்து வைக்க வேண்டும், பில் வந்து சேர்ந்தவுடன், அதாவது பணத்துக்குச் சில நாள் முன்பே, உள்ளூர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, இணைப்பு இருந்தால் ஓசிஎஸ்பியையும் கேட்டு முடிவைப் பதிய வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பில்களுக்கு மட்டும் பணம் விடுவிக்கும் முன் மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். ‘தெரியவில்லை’ என்று நிற்கும் பில்லை மென்பொருள் தானாக ஏற்கவோ தள்ளவோ கூடாது. கணக்கு மேலாளர் பெயருடன் கையெழுத்திட்டு விடுவிக்கும் ஒரு திரை வேண்டும்.

பில் வந்தவுடன் சரிபார்க்க இன்னொரு காரணமும் உண்டு. கையொப்பமிட்ட நாளில் நல்லதாக இருந்த சான்றிதழ் பின்னர் ரத்தாகலாம். அதனால் பழைய பில் செல்லாததாகிவிடாது. ஆனால் அன்று நல்லதாக இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். சான்றிதழின் ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. காலாவதியான சான்றிதழ்களின் எண்களைச் சிஆர்எல் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் செய்யலாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவோ கணக்கு ஆவணங்களை ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு தகராறு வந்தால் அன்றைய ஓசிஎஸ்பி பதிலைத் திரும்பக் கேட்டு வாங்க இயலாது. ஆகவே தேர்ந்தெடுக்கும் செயற்கூறு வெறும் ‘நல்லது’ என்ற சொல்லைத் தந்தால் போதாது. கையொப்பத்தோடு கூடிய மூலப் பதிலை அப்படியே எடுத்துச் சேமிக்க விட வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் இதில் தாராளமானது. ஜாவாவில் வெளியிலிருந்து பெற்ற பதிலைச் சரிபார்ப்பிக்குக் கொடுக்கலாம், ஆகவே பதிலை நாமே தருவித்துச் சேமித்துக்கொண்டு அதனிடம் ஒப்படைப்பது நடைமுறைக்கு ஏற்றது. டாட்நெட்டின் சங்கிலிப் பொருள் மூலப் பதிலைக் கையில் தருவதில்லை. அதை நான் இரண்டாமிடத்தில் வைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இணையதளச் சான்றிதழ்களின் கதை வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குரோம் 2012லேயே நேரலை ஓசிஎஸ்பி கேள்விகளைக் கைவிட்டுத் தன் சொந்தப் பட்டியலுக்கு மாறியது. சான்றளிப்போர் மற்றும் உலாவி நிறுவனங்களின் மன்றம், 2024 மார்ச் 15 முதல் ஓசிஎஸ்பியை விருப்பத்துக்குரியதாகவும் சிஆர்எல்லைக் கட்டாயமாகவும் ஆக்கியது. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்ட் 6 அன்று தன் ஓசிஎஸ்பி சேவையகங்களையே நிறுத்திவிட்டது. அதன் சான்றிதழைப் பயன்படுத்தும் தளத்தின் எஞ்சின்எக்ஸ் (வலைச் சேவையக மென்பொருள்) அமைப்பில், ஓசிஎஸ்பி பதிலைச் சேர்த்தே அனுப்பச் சொல்லும் ‘எஸ்எஸ்எல்_ஸ்டேப்லிங்’ வரி இன்னும் இருந்தால், சான்றிதழில் ஓசிஎஸ்பி முகவரி இல்லை என்ற எச்சரிக்கைதான் பதிவேட்டில் விழும், வரியை எடுத்துவிடலாம். இதைக் காட்டி, ‘ஓசிஎஸ்பி செத்துவிட்டது, பில் சரிபார்ப்பிலும் வேண்டாம்’ என்று வாதிடுவோருக்கு என் பதில்: கையொப்ப டோக்கனின் சான்றிதழ் ஆண்டுக்கணக்கில் வாழ்வது, உலாவி நிறுவனங்கள் தம் பயனருக்காகத் திரட்டும் பட்டியல் அதை உள்ளடக்குவதில்லை.

மென்பொருளை விலைக்கு வாங்கும் முதலாளி இவ்வளவையும் படிக்க வேண்டியதில்லை; ஒப்புக்கொள்ளும் முன் தம் எதிரே மூன்று சோதனைகளைச் செய்யச் சொன்னால் போதும். முதலில் சேமித்து வைத்த சிஆர்எல் பட்டியல்களையும் பதில்களையும் நீக்கி, சேவையகத்திலிருந்து வெளியே செல்லும் 80ஆம் போர்ட்டை அடைத்துவிட்டு ஒரு பில்லைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அந்த நிரல் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து, போர்ட்டைத் திறந்து, கடிகாரத்தை ஒரு மாதம் பின்னால் தள்ளிவிட்டு அதே பில்லைக் கொடுக்க வேண்டும்; அப்போதும் பச்சை எரியக் கூடாது. மூன்றாவதற்கு ரத்தான சான்றிதழ் தேவை. ஓப்பன்எஸ்எஸ்எல்லிலேயே ஒரு சோதனைச் சான்றளிப்பு அமைப்பை உருவாக்கி, ஒரு சான்றிதழை வழங்கி, ரத்து செய்து, அதன் ஓசிஎஸ்பி கட்டளையையே சிறு பதில் சேவையகமாக ஓட விடலாம். இதற்கு ஒரு பிற்பகல் போதும் என்று எழுதித் தரும் நிறுவனத்துக்குத் தெரியும். ‘அதெல்லாம் தேவைப்படாதுங்க’ என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பார்க்கலாம்.